முன் இடது, பின் வலது

விடிகாலைக் குளிர் ஏழு டிகிரிக்கு மேலேயே
ஒரு வாரம் நின்றால் மாற்றிவிடு
என்று சொல்லிவிட்டு
கஷ்மீரி கேட்டில் மணாலி பஸ் ஏறினாள் பூங்கோதை.
இந்த முறை கார் வேண்டாமாம்,
கேலாங்கில் ஆபீஸ் ஜீப் வந்துவிட்டதாம்.
பனிச்சரிவை அளக்கிற வேலை,
பங்குனியோடு முடிகிறது.

மயூர் விஹார், நாலாம் மாடி.
ஐந்தரை மணிக்கு எழுந்து
பால்கனித் தெர்மாமீட்டரை டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.
எட்டு.
ஒன்பது.
புதன்கிழமை மட்டும் ஆறரை.
எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.
ஏனோ சந்தோஷமாக இருந்தது.

இந்த ஊர் மாசிக்கு வாக்குச் சுத்தம் கிடையாது.
காலையில் போட்ட ஸ்வெட்டரை
மத்தியானம் இடுப்பில் கட்டிக்கொண்டு அலைகிறோம்.
வாட்ச்மேன் தரம்வீர் இன்னும்
குரங்குக் குல்லாயைக் கழற்றவில்லை.
அவர் கூண்டுக்குள் ஃபேன் ஓடுகிறது.

வெயிலேறிய ரிங் ரோட்டில் பிரேக்கை மிதித்தால்
கார் நிற்கிறது,
நின்ற பிறகும் கொஞ்சம் போகிறது.
பனிக்கென்று பிசைந்த ரப்பர்.
சூட்டில் கொழகொழத்து
பள்ளிக்கூட அழிரப்பர் மாதிரி
ரோட்டை அழிக்கப் போய்
தானே உதிர்கிறது.

ஸ்டோர் ரூமில் இருக்கின்றன
தீபாவளித் தள்ளுபடியில் நான் வாங்கிய நாலு டயர்கள்.
சம்மர் பெர்ஃபார்மன்ஸ்.
அகலம், தட்டை, பளபளப்பு, பத்து மாதத் தவணை.
நூற்றிருபதில் வளைவு திரும்பினாலும்
தரையை விடாது என்றான் விற்றவன்.
நொய்டா ஆபீஸுக்கு
செகண்ட் கியரில் போய்
செகண்ட் கியரில் வருகிறவன் நான்.

எட்டாம் நாள் காலை
நாலையும் பின் சீட்டிலும் டிக்கியிலும் திணித்துக்கொண்டு
பட்பர்கஞ்ச், ஹர்பிந்தர் கடை.
ஓடும் டயரில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தார்.
"ஹோலிக்கு முன்னால் ஒரு மழை உண்டு.
அது பெய்யட்டுமே, என்ன அவசரம்?"
அது அவர் கணக்கு.
கோதையின் கணக்கு ஏழு.
தவணை கட்டுகிறவனுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது.
"கழற்றுங்கள்" என்றேன்.

ஜாக்கியில் எழும்பி
ஒரு காலைத் தூக்கிய மாடு போல நின்றது கார்.
கழற்றிய சக்கரத்தை மடியில் சாய்த்து
திருப்புளியால் வரிப்பள்ளங்களை நோண்டினார்.
டக்.
என் உள்ளங்கையில் ஒரு கல் விழுந்தது.
பிறகு இன்னொன்று.
சாம்பல் நிறம், சில்லு சில்லாக, ஒன்றில் வெள்ளை ரேகை.
இந்த ஊர்க் கல் இல்லை.
ஐந்து குளிர்காலம் அவள் போய்வந்த பாதை.
ஒரு தடவைகூட நான்
பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனதில்லை.
லீவு கிடைக்கவில்லை என்று
நாங்கள் இருவருமே நம்பினோம்.

மூன்று கழற்றியாகிவிட்டது. போன்.
"மாத்திட்டியா?"
"மாத்திட்டே இருக்கேன்."
"இங்க நேத்து ராத்திரி மைனஸ் பதினொண்ணு."
"இங்க ஃபேன் போட்டாச்சு."
பின்னால் யாரோ மண்வெட்டியால்
பனி அள்ளும் சத்தம்.
"கழட்டினதைத் தூக்கிப் போட்டுடாத.
வெயில் படாம வை. நவம்பர்ல வேணும்."

நவம்பர்.
இதை ஒரு செய்தியாக அவளும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
நட்டுகளை முடுக்கும் மெஷின் சத்தத்தில்
"சரி" என்றது
அவளுக்குக் கேட்டதோ என்னவோ.

அடுத்த தடவை இடம் மாற்றிப் போட
எது எந்தச் சக்கரம் என்று தெரிய வேண்டுமாம்.
சாக்கட்டியை நீட்டினார் ஹர்பிந்தர்.
கறுப்பில் வெள்ளையாக எழுதினேன்:
முன் இடது பனி.
முன் வலது பனி.
அவருக்குத் தெரியாத எழுத்தை
தலை சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.
மூன்றாவதில் 'பின்' வரைக்கும் எழுதிவிட்டு
கை கொஞ்சம் நின்றது.

முன்பனி, பின்பனி.
ஆறாம் வகுப்பில் மனப்பாடம் செய்த ஆறு பருவங்களில்
இரண்டு
டிக்கியில் கிடக்கின்றன.
கல்லெல்லாம் சட்டைப் பையில்.
புது டயரில், வெறும் ரோட்டில்,
முப்பதில் போகிறேன்.